தராசின் எண் ஏன் ஆடுகிறது? மின் இரைச்சல் பற்றி வணிகர்களுக்கு ஒரு பாடம்



அரை கிலோ துவரம் பருப்பை மின்னணுத் தராசில் வைத்தால் 500 என்று காட்டுகிறது. கண் மூடித் திறப்பதற்குள் 505 ஆகிறது. மறுபடி 500, அப்புறம் 495. தட்டில் உள்ள பருப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எண் மட்டும் ஆடுகிறது. தராசு பழசாகிவிட்டது என்று சிலர் புதியது வாங்குகிறார்கள். அதையும் அதே இடத்தில் வைத்தால் அதுவும் ஆடுகிறது. வேறு சிலர் ஆட்டத்தோடு ஆட்டமாக வியாபாரத்தை நடத்திக்கொண்டு போகிறார்கள்.

இந்த ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் மின் இரைச்சல். காதுக்குக் கேட்கும் இரைச்சல் அல்ல. நமக்கு வேண்டிய மின்சாரத்தோடு வேண்டாத மின்சாரம் கலந்து வருவதை அப்படிச் சொல்கிறார்கள். நான் பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவன். எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் அல்ல. ஆனால் எங்கள் மண்டியில் நான்கு தராசுகள் ஓடுகின்றன. உரிமம் பெற்ற தராசு மெக்கானிக் ஒருவரிடமும், பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அக்கா பேரனிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை மளிகைக்காரருக்குப் புரியும்படி எழுதுகிறேன். பையன் படிப்புக்காக ஒரு சிறு தராசையே மேசை மேல் செய்து வைத்திருந்தான். கம்பியை மாற்றி மாற்றி வைத்து அவன் காட்டியதால்தான் பல விஷயங்கள் எனக்கு விளங்கின.

ஆடும் எண்ணால் யாருக்கு நஷ்டம்?

"ஒரு சமயம் 5 கிராம் கூடும், ஒரு சமயம் 5 கிராம் குறையும், மொத்தத்தில் சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. தராசு தன்பாட்டுக்கு ஆடுவதை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் அந்த எண்ணைப் படிப்பது மனிதக் கண். கடைப் பையன் பருப்பை அள்ளிப் போடும்போது 500 என்ற எண் முதன்முதலில் எப்போது தெரிகிறதோ அப்போது கையை நிறுத்துகிறான். அந்தக் கணம் பெரும்பாலும் ஆட்டத்தின் உச்சியாக இருக்கும். தட்டில் உண்மையாக இருப்பது 495. வாடிக்கையாளருக்குக் குறைவு. பையன் பயந்த சுபாவம் உள்ளவனாக இருந்தால், எண் எவ்வளவு இறங்கினாலும் 500-க்குக் கீழே போகாதபடி இன்னும் கொஞ்சம் போடுகிறான். அப்போது தட்டில் 505. முதலாளிக்குக் குறைவு. ஆக, தராசின் ஆட்டம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தாலும், படிக்கும் கை அதை ஒரே பக்கமாகத் திருப்பிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோ மூட்டையை அரை கிலோவாகப் பிரித்தால் 100 பொட்டலம். பொட்டலத்துக்கு 5 கிராம் ஒரே பக்கமாகப் போனால் மூட்டைக்கு அரை கிலோ. பருப்பில் இது இப்படி என்றால் ஏலக்காயில் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 100 கிராம் ஏலக்காயில் 5 கிராம் என்பது நூற்றுக்கு ஐந்து. அந்தச் சரக்கில் நமக்கு நிற்கும் லாபமே பல நாள் அவ்வளவு இருப்பதில்லை.

பணத்தை விடப் பெரிய நஷ்டம் வேறு. வாடிக்கையாளர் அம்மா எதிரே நின்று எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். எண் ஆடும்போது பொட்டலத்தை எடுத்தால், நாம் எவ்வளவு நேர்மையாக நிறுத்திருந்தாலும் அவர் மனதில் சந்தேகம் விழுந்துவிடுகிறது. தட்டுத் தராசில் முள் நடுவில் நிற்கும் வரை காத்திருந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை.

தராசுக்குள் என்ன நடக்கிறது?

தட்டுக்கு அடியில் ஒரு அலுமினியக் கட்டை இருக்கிறது. இதுதான் லோட் செல். கட்டையின் நடுவில் குடைந்து சில இடங்களை மெல்லியதாக்கி, அந்த இடங்களில் நான்கு மெல்லிய உலோக இழைப் பட்டைகளை ஒட்டியிருப்பார்கள். எடை ஏறினால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். இரண்டு பட்டைகள் நீளும், இரண்டு சுருங்கும். நீண்டதில் மின்தடை கூடும், சுருங்கியதில் குறையும். நான்கையும் வீட்ஸ்டன் பாலம் என்ற முறையில் இணைத்திருப்பதால், எடைக்குத் தக்கபடி ஒரு சிறு மின்னழுத்தம் வெளியே வரும். (இந்தப் பாலத்தை 1833-ல் முதலில் சொன்னவர் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி. பத்து ஆண்டு கழித்து வீட்ஸ்டன் அதைப் பரவலாக்கியதால் பெயர் அவருக்குப் போய்விட்டது. சரக்கு ஒருவருடையது, மார்க்கா இன்னொருவருடையது!)

அந்த மின்னழுத்தம் எவ்வளவு சிறியது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. சாதாரண லோட் செல் ஒன்றுக்கு, ஊட்டும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் முழு எடையில் 2 மில்லி வோல்ட் வெளியே வரும். 5 வோல்ட் ஊட்டினால் 10 மில்லி வோல்ட். 30 கிலோ தராசில் 40 கிலோ தாங்கும் செல் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 40 கிலோவுக்கு 10 மில்லி வோல்ட் என்றால் ஒரு கிராமுக்குக் கால் மைக்ரோ வோல்ட். தராசு காட்டும் ஒரு படி, அதாவது 5 கிராம், ஒன்றேகால் மைக்ரோ வோல்ட். மைக்ரோ வோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பக்கத்துச் சுவரில் ஓடும் 230 வோல்ட் இதைப்போல சுமார் 18 கோடி மடங்கு. சந்தை நடுவில் ஒருவர் காதோடு ரகசியம் சொல்வதைப் போன்றது லோட் செல்லின் பேச்சு.

அந்தப் பேச்சைக் கேட்டு எண்ணாக எழுதுகிற கணக்குப்பிள்ளைக்கு ஏ.டி.சி. என்று பெயர். அனலாக் டு டிஜிட்டல் கன்வர்ட்டர் என்பதன் சுருக்கம். ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுவது அதன் வேலை. அந்த எண்ணை வாங்கி, கிராமாக மாற்றி, விலையோடு பெருக்கித் திரையில் காட்டுவது மைக்ரோகண்ட்ரோலர் என்ற சிறு கணினிச் சில்லு.

மாணவர்கள் பயிற்சிக்கு வாங்கும் சாதாரண மைக்ரோகண்ட்ரோலருக்குள்ளேயே ஒரு ஏ.டி.சி. இருக்கும். அது 10 பிட் வகை. 5 வோல்ட்டை 1024 படியாகப் பிரிக்கும். ஒரு படி சுமார் 4.9 மில்லி வோல்ட். நம் தராசில் 30 கிலோ மூட்டையையே ஏற்றினாலும் வருவது 7.5 மில்லி வோல்ட்தான். இரண்டு படி கூட ஏறாது. ஆகவே முதலில் அந்தச் சமிக்ஞையை ஆம்ப்ளிஃபையர் வைத்து நூறு மடங்குக்கு மேல் பெருக்கி, பிறகு 24 பிட் ஏ.டி.சி.யால் அளக்கிறார்கள். ஏவியா செமிகண்டக்டர் என்ற சீன நிறுவனத்தின் எச்.எக்ஸ்.711 என்ற சில்லு இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்கிறது. பெருக்கம் 128 மடங்கு. பையன் செய்த தராசில் இருந்ததும் அதுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையர் நல்லது கெட்டது பார்க்காது. எடையின் மின்னழுத்தத்தை 128 மடங்கு பெருக்கும்போது அதில் கலந்துள்ள இரைச்சலையும் 128 மடங்கு பெருக்கிவிடும். கலப்படச் சரக்கை எவ்வளவு பெரிய மூட்டையாகக் கட்டினாலும் கலப்படம் கலப்படம்தான்.

"24 பிட்" என்ற சொல்லில் மயங்க வேண்டாம். 24 பிட் என்றால் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள். ஆனால் மேற்படி சில்லின் சொந்த இரைச்சலே, மெதுவான வேகத்தில், 50 நானோ வோல்ட் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார். ஒரு படியின் அளவு இரண்டரை நானோ வோல்ட்டுக்கும் குறைவு. ஆக, கடைசி இலக்கங்கள் எப்போதும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். நமக்கு அதனால் கெடுதல் இல்லை. 50 நானோ வோல்ட் என்பது நம் கணக்கில் ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. இதிலிருந்து தெரிவது என்ன? திரையில் 5 கிராம், 10 கிராம் ஆட்டம் தெரிந்தால் சில்லின் மேல் பழி போடுவதற்கு இடமில்லை. இரைச்சல் வேறெங்கிருந்தோ வருகிறது.

எங்கிருந்து?

மளிகைக் கடையைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும். ஃப்ரீசரின் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் கணத்தில் அந்த லைனில் ஒரு தள்ளாட்டம் வரும். மாவு அரைக்கும் மிக்ஸி மோட்டாரில் கார்பன் தேய்ந்து பொறி பறந்தால் அது ஒரு சிறு ரேடியோ நிலையம். பழைய ட்யூப் லைட் சோக், மட்டமான எல்.இ.டி. பல்பு, சதுர அலை இன்வெர்ட்டர், மட்டமான அடாப்டர் எல்லாமே இரைச்சல் கொடுப்பவை. இப்போது ஒவ்வொரு கல்லாவிலும் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சிறு பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சிம் கார்டு உள்ள பெட்டியானால் அதுவும் செல்போன் போலவே டவரோடு பேசுகிறது. அதைத் தராசுக்கு ஒட்டினாற்போல் வைத்திருக்கும் கடைகளே அதிகம்.

வெளியில் இருப்பதை மட்டும் சொன்னால் போதாது. தராசுக்குள்ளேயே இரைச்சல் பிறக்கிறது. மைக்ரோகண்ட்ரோலர் விநாடிக்குப் பல லட்சம் முறை வேலை செய்யும்போதும், திரையின் எண்கள் மாறி மாறி எரியும்போதும் மின்னோட்டம் ஏறி இறங்குகிறது. ஒரு கணக்கு: 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டம், ஒரு ஓம்மில் நூறில் ஒரு பங்கு தடையுள்ள கம்பியில் ஓடினால் அங்கே 100 மைக்ரோ வோல்ட் விழும். அது அளவெடுக்கும் வழியில் அப்படியே கலந்துவிட்டால் நம் கணக்கில் 400 கிராம்! அதனால்தான் தராசு செய்பவர்கள் திரையின் மின்னோட்டம் திரும்பும் வழியையும், லோட் செல்லின் வழியையும் தனித்தனியாக ஓட விட்டு, ஒரே ஒரு இடத்தில் மட்டும் சேர்க்கிறார்கள். மூட்டை வண்டி போகும் வழியிலேயே கல்லாப் பெட்டியை வைக்கக் கூடாது அல்லவா?

குத்தூசிப் பாடம்

இரைச்சலைக் குறைக்க எல்லோரும் முதலில் சொல்லும் வழி சராசரி எடுப்பது. நமக்கு இது புதிதல்ல. மூட்டையின் தரம் பார்க்கக் குத்தூசியை ஒரே இடத்தில் குத்தி நிறுத்துகிறோமா? மேலே, நடுவே, அடியில் என்று பல இடத்தில் குத்தி, எடுத்ததையெல்லாம் கையில் கலந்து பார்க்கிறோம். ஏ.டி.சி.யும் அப்படியே. ஒருமுறை அளந்ததை நம்பாமல் பலமுறை அளந்து சராசரி எடுத்தால், தாறுமாறாக வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரு விதி உண்டு. 4 முறை அளந்து சராசரி எடுத்தால் இரைச்சல் பாதியாகும். 16 முறை என்றால் கால் பங்கு. 100 முறை என்றால் பத்தில் ஒரு பங்கு. அளக்கும் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். முதல் நான்கு அளவு கொடுக்கும் ஆதாயத்தை மறுபடி பெற 12 அளவு கூடுதலாக எடுக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். விநாடிக்கு 10 முறை அளக்கும் சில்லில் 16 அளவுக்கு 1.6 விநாடி, 100 அளவுக்கு 10 விநாடி. பொங்கல் சமயத்துக் கூட்டத்தில் பொட்டலத்துக்குப் பத்து விநாடி யார் காத்திருப்பார்கள்? எண் நிலைக்கு வருமுன் பையன் பொட்டலத்தைத் தூக்கிவிடுவான். ஆட்டத்தால் வந்த பிழை போய் அவசரத்தால் வந்த பிழை வந்துவிடும்.

குத்தூசிக்கு இன்னொரு குறையும் உண்டு. மூட்டை முழுவதும் நனைந்திருந்தால் எத்தனை இடத்தில் குத்தினாலும் ஈரச் சரக்குதான் வரும். அதுபோல ஒரே பக்கமாக இழுக்கும் பிழையைச் சராசரி திருத்தாது. லோட் செல் கம்பி இணைப்பில் ஈரம் ஏறி மின்சாரம் கசிந்தால், ஆயிரம் முறை அளந்தாலும் ஆயிரமும் தப்பு.

திடீரென்று வரும் ஒற்றைத் துள்ளலுக்கும் சராசரி சரிப்படாது. பையன் காட்டிய ஐந்து அளவுகள்: 502, 499, 501, 730, 500. நான்காவது அளவு எடுக்கும்போது பக்கத்தில் மிக்ஸியைத் தட்டினான். சராசரி 546. ஒரு பொய்ச் சாட்சி நான்கு நல்ல சாட்சிகளைக் கெடுத்துவிட்டது. இதற்குப் பதில், ஐந்தையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை மட்டும் எடுத்தால் 501. துள்ளல் தானாக வெளியே போய்விட்டது. முதலில் இந்த நடு எண் முறை, அதன்மேல் சராசரி என்று இரண்டையும் சேர்த்துச் செய்வது நல்ல வழக்கம்.

மெயின்ஸ் கரண்டின் இரைச்சலுக்கு மட்டும் ஒரு நேர்த்தியான வழி இருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. ஒரு சுழற்சிக்கு 20 மில்லி விநாடி. பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே. அளக்கும் நேரத்தைச் சரியாக 20 மில்லி விநாடியாகவோ அதன் மடங்காகவோ வைத்தால் மேலே தள்ளியதும் கீழே இழுத்ததும் சமமாகிப் போய்விடும். எச்.எக்ஸ்.711 சில்லை விநாடிக்கு 10 அளவு என்ற வேகத்தில் வைத்தால் 50 சுழற்சி, அமெரிக்காவின் 60 சுழற்சி இரண்டையுமே ஒதுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு அளவுக்கு 100 மில்லி விநாடி. அதில் ஐந்து முழுச் சுழற்சியும் அடங்கும், ஆறு முழுச் சுழற்சியும் அடங்கும். அதையே 80 அளவு வேகத்துக்கு மாற்றினால் இந்தச் சலுகை கிடையாது. சொந்த இரைச்சலும் 90 நானோ வோல்ட்டாகக் கூடிவிடும். வேகமான தராசு என்று விற்பவரிடம் இதைக் கேளுங்கள்.

இந்தக் கால அளவைப் பார்க்காமல் கணத்துக்குக் கணம் அளக்கும் தராசில் ஒரு வேடிக்கை நடக்கும். ட்யூப் லைட் வெளிச்சத்தில் மின்விசிறி மெல்லப் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தெரியுமே, அதேபோல் வேகமாக ஆடும் மெயின்ஸ் இரைச்சல், மெதுவாக ஏறி இறங்கும் எடையாக வேஷம் போட்டு வரும். அதைப் பார்த்து லோட் செல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி மாற்றியவர்கள் உண்டு.

மறைப்பது வேறு, நிறுத்துவது வேறு

எங்கள் வட்டாரத்துக் கடை ஒன்றில் எண் ஆடுகிறது என்று புகார் செய்தபோது, விற்ற கடையின் ஆள் வந்து மெனுவில் வடிகட்டும் அளவை உச்சத்துக்கு ஏற்றிவிட்டுப் போனார். ஆட்டம் நின்றது. கடைக்காரருக்குச் சந்தோஷம். ஆனால் நோய் அப்படியே இருந்தது. காய்ச்சலுக்கு மருந்து தராமல் தெர்மாமீட்டரை மாற்றிய கதை. தராசு மந்தமானதால் ஒவ்வொரு பொட்டலமும் கூடுதலாக விழுந்துகொண்டிருந்தது. இது சரியான வைத்தியம் அல்ல என்பது என் அபிப்பிராயம். இரைச்சல் ஆம்ப்ளிஃபையருக்குப் போகுமுன்பே தடுக்க வேண்டும். தடுத்தது போக மிச்சத்துக்குத்தான் சராசரி.

தடுப்பது எப்படி என்பதை மெக்கானிக் எனக்கு ஒரு நல்ல தராசைத் திறந்த நிலையில் காட்டி விளக்கினார். லோட் செல்லிலிருந்து வரும் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கியிருந்தார்கள். முறுக்கினால் வெளி இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக ஏறும், ஏ.டி.சி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் சமமாக ஏறியது கழிந்துவிடும். மேலே உலோக வலைக் கவசம். அந்தக் கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த்தோடு சேர்த்திருந்தார்கள். இரண்டு முனையும் சேர்த்தால் கவசத்திலேயே மின்னோட்டம் ஓடி, காவல்காரனே திருடனாகிவிடுவான்.

சில்லின் காலுக்கு ஒட்டினாற்போல் 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர், கொஞ்சம் தள்ளி அதைவிடப் பெரிய ஒன்று. குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் வீட்டில் சீராக வருவதற்கு மேல்தொட்டி வைக்கிறோமே, அதே வேலை. தொட்டி தெருமுனையில் இருந்தால் பயனில்லை. வீட்டு மேலேயே இருக்க வேண்டும். கண்டென்சரும் அப்படித்தான்.

லோட் செல்லுக்கு ஊட்டும் மின்னழுத்தத்தையே ஏ.டி.சி.க்கும் அளவுகோலாகக் கொடுத்திருந்தார்கள். தட்டுத் தராசில் இரண்டு தட்டையும் ஒரே கை தூக்குவதால் கை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முள் மாறாது. அதுபோல, பேட்டரி இறங்கி ஊட்டம் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் சமிக்ஞையும் அளவுகோலும் சேர்ந்தே குறையும், எடை மாறாது.

அளக்கும் பகுதி தன் வயிற்றுக்குள்ளேயே உள்ள மைக்ரோகண்ட்ரோலர்களில் இன்னொரு உத்தி உண்டு. ஏ.வி.ஆர். என்ற வகையில், அளக்கும் அந்தக் கணத்துக்கு மட்டும் கணக்குப் போடும் பகுதி தூங்கிவிடும். அளந்து முடிந்ததும் ஏ.டி.சி. அதை எழுப்பும். ரூபாய் எண்ணும்போது "கொஞ்சம் பேசாமல் இருங்கப்பா" என்று நாம் சொல்வதில்லையா? அதேதான்.

கடையில் நீங்களே செய்யும் சோதனை

முத்திரையிட்ட ஒரு கிலோ கல்லையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடை திறக்குமுன் செய்வது நல்லது. முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். காற்று தட்டை அமுக்குவதால் வரும் ஆட்டம் மின் இரைச்சல் அல்ல. ஆனால் பார்க்க அதேபோல் இருக்கும். மேசை ஆடுகிறதா, தட்டுக்கு அடியில் அரிசிமணி சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். தட்டின் நான்கு மூலையிலும் கல்லை வைத்து வேறு வேறு எடை காட்டினால் அது இயந்திரக் கோளாறு. மின்சாரத்தில் தேட வேண்டாம்.

இனி கல்லைத் தட்டின் நடுவில் வைத்து, பத்து விநாடிக்கு ஒருமுறை வீதம் பத்து எண்களை எழுதுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கி, தராசை அதன் சொந்த பேட்டரியில் ஓட விட்டு மறுபடி பத்து எண்கள். பேட்டரியில் ஆட்டம் நின்றுவிட்டால் இரைச்சல் மெயின்ஸ் வழியாக வருகிறது. ஃப்ரீசர் உள்ள லைனை விட்டு வேறு பாயிண்ட்டில் மாட்டிப் பாருங்கள். தராசோடு வந்த அடாப்டரைத் தொலைத்துவிட்டு எதையாவது மாட்டியிருந்தால் அதை மாற்றுங்கள். மூன்று பின் பிளக் உள்ள தராசுக்கு எர்த் உண்மையில் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் பின்னை ஒடித்துவிட்டு இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் சொருகும் பழக்கம் நம்மவர்களிடம் ரொம்ப இருக்கிறது. அது இரைச்சலுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து.

பேட்டரியிலும் ஆடினால் காற்று வழியாக வருகிறதா என்று பாருங்கள். செல்போனையும் அந்தப் பேசும் பெட்டியையும் தராசிலிருந்து இரண்டு அடி தள்ளி வையுங்கள். மிக்ஸி, ஃப்ரீசர், விளக்கு என்று ஒவ்வொன்றாக நிறுத்தி எண்களை எழுதுங்கள். எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் ஆடினால் கோளாறு தராசுக்குள். மளிகைக் கடைத் தராசுக்குள் உப்புத் தூசி, சர்க்கரை, புளி ஈரம், எறும்பு, கரப்பான் எல்லாம் குடியிருக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் போகக் கூடாத வழியில் போகும். எண் ஆடாமல் ஒரே பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டே போவது பெரும்பாலும் இதனால்தான்.

ஒரு சிறு எச்சரிக்கை. தராசுகளில் பூஜ்யத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வசதி உண்டு. காலி தட்டில் வெப்பத்தால் சிறிது நகர்ந்தால் அதை மறுபடி பூஜ்யமாக்கும். காலி தட்டில் மிளகுத் தூளைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் அதையும் வெப்ப நகர்வு என்று நினைத்து விழுங்கிவிடக் கூடும். முதலிலேயே ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டுப் பிறகு சரிக்கட்டுங்கள்.

தராசில் ஒட்டியுள்ள தகட்டையும் படியுங்கள். 30 கிலோ தராசில் 'இ' என்ற ஆங்கில எழுத்துக்கு எதிரே 5 கிராம் என்றும், குறைந்தபட்சம் 100 கிராம் என்றும் இருக்கும். மூன்றாம் வகுப்புத் தராசுக்கு அந்த 5 கிராமைப்போல் 20 மடங்கே குறைந்தபட்ச எடை. அதற்குக் கீழே அந்தத் தராசில் நிறுக்கவே கூடாது. இரைச்சலே இல்லாவிட்டாலும் 50 கிராம் ஏலக்காய்க்கு அது ஏற்ற தராசு அல்ல. ஒரு கிராம் படியுள்ள சிறு தராசு தனியாக வேண்டும். அதன் குறைந்தபட்சம் 20 கிராம். முத்திரையிடும்போது 5 கிராம் படியுள்ள தராசுக்கு அனுமதிக்கும் பிழை, 2.5 கிலோ வரை 2.5 கிராம், 10 கிலோ வரை 5 கிராம், அதற்கு மேல் 7.5 கிராம். உங்கள் நோட்டில் ஒரு கிலோ கல்லுக்கு 990-ம் 1010-ம் எழுதியிருந்தால் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

உள்ளே கோளாறு என்று தெரிந்தால் தராசை நாமே திறக்கக் கூடாது. 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, பழுது பார்ப்பவருக்கு உரிமம் இருக்க வேண்டும். முத்திரை உடைந்தால் மறு முத்திரை இடாமல் அந்தத் தராசைப் பயன்படுத்தக் கூடாது. மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை வாங்கும் கடமை தனியாக இருக்கவே இருக்கிறது. மெக்கானிக் வரும்போது "ஆடுகிறது" என்று மட்டும் சொன்னால், நேரம் இல்லாதவர் வடிகட்டும் அளவை ஏற்றிவிட்டுப் போய்விடுவார். நோட்டைக் கையில் கொடுங்கள். பேட்டரியில் ஆடுகிறதா, ஃப்ரீசர் ஓடும்போது மட்டும் ஆடுகிறதா, ஒரே பக்கமாக நகர்கிறதா என்பது அதில் இருந்தால் அவர் நேராக அடாப்டரையோ, கவசக் கம்பியையோ, லோட் செல் இணைப்பையோ பார்ப்பார். வேலை முடிந்ததும் அதே கல்லை வைத்து அதே பத்து எண்களை அவர் எதிரிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, அந்தத் தாளை முத்திரைச் சான்றிதழோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.